பாம்பு அரசுக்குச் சொந்தம், கடி யாருக்குச் சொந்தம்?

வரப்போரம் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியனை ஓர் இருளர் பிடித்துத் துணிப்பைக்குள் விட்டால், சட்டப்படி அவர் வேட்டையாடிவிட்டார். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கொல்வதை மட்டும் வைக்கவில்லை. பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டுவது எல்லாமே வேட்டைதான். அனுமதியில்லாமல் அப்படிப் பிடித்த உயிர் மாநில அரசின் சொத்து என்கிறது அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு.

அந்த விரியன் அதே வரப்பில் அறுப்புக்கு வந்த கூலித் தொழிலாளியின் காலில் கடித்தால்? அப்போது மட்டும் பாம்புக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. கடி தொழிலாளிக்கு, ஆம்புலன்ஸுக்கான அலைச்சல் அவர் குடும்பத்துக்கு, வட்டிக்கு வாங்கிய கடன் அவர் மனைவிக்கு.

காட்டுயிர்களை அழியாமல் பயன்படுத்துவது, அதற்கு அளவு வைப்பது, அந்த அளவைக் கண்காணிப்பது என்று இன்று சூழலியல் உலகம் நிறையப் பேசுகிறது. எத்தனை பிடிக்கலாம், எந்தப் பருவத்தில் பிடிக்கலாம் என்ற கேள்விகள் எல்லாம் அதில் உண்டு. அந்த அளவை யார் தீர்மானிப்பது என்ற கேள்விதான் இல்லை. நம் நாட்டில் அந்தக் கேள்வியைச் சாதியைத் தொடாமல் பேசவே முடியாது. நம் கண்ணெதிரே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 45 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் கடியைப் பற்றி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. மிகப் பெரும்பாலான சாவுகள் கிராமங்களில். பாதிச் சாவுகள் மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரையில். மழைக்காலத்தில் சேற்றில் இறங்கி நிற்பவர் யார், இருட்டோடு எழுந்து வெறுங்காலோடு வயலுக்குப் போகிறவர் யார், தரையில் பாய் விரித்துப் படுப்பவர் யார், கழிப்பறை இல்லாமல் ஓடைக்கரைக்குப் போகிறவர் யார் என்று யோசித்தால் இந்தச் சாவுகள் எந்தத் தெருக்களில் விழுகின்றன என்பதும் தெரிந்துவிடும். என் பெரியம்மாவை நடவு நாளொன்றில் விரியன் கடித்தது. அரசு மருத்துவமனையில் முதலில் பத்துக் குப்பி, பிறகு மேலும் பத்துக் குப்பி மருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். எங்கள் தெருவில் அப்படிப் பிழைக்காதவர்களின் பெயர்களையும் என்னால் சொல்ல முடியும்.

அந்தக் குப்பிக்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது? பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் செலுத்துகிறார்கள். அதை எதிர்க்கக் குதிரையின் ரத்தத்தில் உருவாகும் பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சும் இதற்கு வேண்டும். இந்திய நிறுவனங்களுக்குப் பல பத்தாண்டுகளாக இந்த நஞ்சில் பெரும்பகுதியைக் கொடுத்துவருவது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். மருந்து எந்த மாநிலத்து மருத்துவமனையில் ஏறினாலும், அதன் தொடக்கத்தில் பெரும்பாலும் செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரத்து இருளர் ஒருவரின் கை இருக்கிறது.

கடிபடுகிறவர் சேரிக்காரர், கூலிக்காரர். கடிக்கு மருந்து பிறக்கக் காரணமாக இருப்பவர் பழங்குடி. இருவருக்கும் நடுவில் இருக்கும் சட்டம், உரிமம், ஆய்வகம், நிறுவனம், விலை எதுவும் இவர்கள் கையில் இல்லை.

தோலிலிருந்து நஞ்சுக்கு

இருளர்கள் பாம்பு பிடிப்பது நேற்று வந்த தொழில் இல்லை. எலி பிடிப்பதும் பாம்பு பிடிப்பதும் அவர்களின் அன்றாடம். மணலில் பாம்பு ஊர்ந்த தடம், உரித்துப்போட்ட சட்டை, வளை வாயிலிருக்கும் எச்சம், மண்ணின் ஈரம் ஆகியவற்றைப் பார்த்து உள்ளே பாம்பு இருக்கிறதா, இருந்துவிட்டுப் போனதா, என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். கையில் ஒரு கடப்பாரை, ஒரு துணிப்பை. அவ்வளவுதான் கருவி.

இந்த அறிவுக்குச் சந்தை முதலில் கொடுத்த வேலை கொலை. பாம்புத் தோல் வெளிநாடுகளில் கைப்பையாகவும் செருப்பாகவும் விற்றது. தோலுக்கு இருளர் கைக்குச் சில்லறை, ஏற்றுமதியாளர் கைக்குச் செல்வம். 1972-இல் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தடை சரியானதுதான். ஆனால் தோலை வாங்கியவர் வேறு வியாபாரத்துக்குப் போனார். தோலைக் கொண்டுவந்தவருக்குப் போக இடமில்லை. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு கொத்தடிமைகளாய்ப் போன இருளர் குடும்பங்களின் கதையை, வேலை பறிபோன இந்தக் கதையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

அந்த நெருக்கடியிலிருந்துதான் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உதவினார். பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதில், உயிரோடு பிடித்து, நஞ்சை மட்டும் எடுத்து, திரும்ப விட்டுவிடலாம் என்பதே யோசனை.

வேலை நடக்கும் முறை இது. எந்த வகைப் பாம்பு எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை ஆண்டுதோறும் எண்ணிக்கை வைத்து அனுமதி தருகிறது. அந்த எண்ணிக்கைக்குள் சங்க உறுப்பினர்கள் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். பாம்பின் வகை, நீளம், எடை, ஆணா பெண்ணா என்று பதிவேட்டில் ஏறுகிறது. மணல் போட்ட மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். மூன்று நான்கு வாரங்களுக்குள், வாரத்துக்கு ஒருமுறை வீதம் நான்கு முறை நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு அடிவயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு அடுத்த மாதம் யார் கையிலாவது சிக்கினால் அடையாளம் காட்டிக்கொடுக்கும், உடனே விட்டுவிடலாம். சில முறை சட்டை உரித்தபின் அடையாளம் மறைந்துவிடும். எடுத்த நஞ்சை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். அந்தப் பொடி ஒரு கிராம் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகிறது.

அளவு, பதிவு, அடையாளம், விடுவிப்பு என்று நிலைத்த பயன்பாட்டைப் பற்றிப் பாடநூல்கள் கேட்கும் எல்லாமே இதில் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலையே பார்க்காத பலர் சேர்ந்து இதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

யார் வேட்டைக்காரர்?

இதைக் கேட்டதும் 'பழங்குடிகள் கையில் விட்டால் காட்டுயிர் மிஞ்சுமா' என்று ஒரு கேள்வி வரும். வரலாறு அதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. 1875 முதல் 1925 வரையிலான 50 ஆண்டுகளில் இந்தியாவில் 80,000-க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். வெள்ளை அரசு புலித்தலைக்குப் பரிசுப் பணம் கொடுத்தது. ஜமீன்தார்களும் சமஸ்தான மன்னர்களும் யானைமேல் உட்கார்ந்து சுட்டுவிட்டு, செத்த புலிமேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் இன்றும் அரண்மனைச் சுவர்களில் தொங்குகின்றன. அதற்குப் பெயர் வீர விளையாட்டு. முயலோ கௌதாரியோ பிடித்த நரிக்குறவருக்கும் உடும்பு பிடித்த இருளருக்கும் மட்டும்தான் வேட்டைக்காரர் என்ற பெயரும் வழக்கும்.

ஒரே செயலுக்குச் செய்பவரின் பிறப்பைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் சாதி. புற்றுக்குப் பால் ஊற்றினால் பக்தி. அதே புற்றைக் கடப்பாரையால் திறந்து, உயிரைப் பணயம் வைத்து, ஊரைக் காக்கும் மருந்துக்கு நஞ்சு எடுத்தால் அது கீழான வேலை. எலி பிடிப்பவர், எலிக்கறி தின்பவர் என்பதை இன்றும் வசவாகப் பயன்படுத்தும் ஊர்களில், எலி தின்ற நெல் போக மிச்சத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

'ஜெய் பீம்' படத்தில் நாயகனை ஊர்ப் பெரிய வீட்டுக்குக் கூப்பிட்டது பாம்பு பிடிக்கத்தான். அந்த வீட்டில் நகை காணாமல்போனதும், பாம்பு பிடித்த கைதான் முதலில் சந்தேகத்துக்குள்ளானது. திரையரங்கு வராமல் 2021-இல் கைப்பேசியிலேயே அந்தப் படத்தைப் பார்த்து நாம் கலங்கினோம். காவல் நிலையக் கொடுமை நம் கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய காட்சியில் இருக்கும் உறவு, அதாவது உன் திறமை வேண்டும், நீ வேண்டாம் என்ற உறவு, அவ்வளவாகப் பேசப்படவில்லை. வனவுயிர்ச் சட்டத்துக்கும் இருளருக்கும் நடுவில் இருப்பதும் அதே உறவுதான்.

சட்டம் எங்கே கதவை மூடியது?

வனவுயிர்ச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு சேகரிக்க அனுமதி தரலாம் என்கிறது. தரலாம் என்றால் தராமலும் இருக்கலாம், தாமதமாகவும் தரலாம். பாம்பு பிடிப்பு பருவத்தொழில். அனுமதிக் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர இரண்டு மாதம் ஆனால், அந்த இரண்டு மாதமும் உறுப்பினர் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி தேட வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்தால் வருமானமும் குறையும். ஏன் குறைத்தீர்கள் என்று கேட்க இருளருக்கு ஒரு நாற்காலி இல்லை.

2006-இன் வன உரிமைச் சட்டம் இதைச் சரிசெய்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியை ஒப்புக்கொண்ட சட்டம்தான் அது. ஆனால் மரபான பிற உரிமைகளை ஏற்கும் அதன் 3(1)(l) பிரிவு, வேட்டையாடுவதையும் பொறிவைத்துப் பிடிப்பதையும் காட்டுயிரின் உடலிலிருந்து எதையும் எடுப்பதையும் பெயர் சொல்லியே விலக்கிவைத்திருக்கிறது. தேன் எடுக்கலாம், கிழங்கு தோண்டலாம். உயிரோடு விட்டுவிடும் பாம்பிலிருந்து ஒரு துளி நஞ்சு எடுப்பது மட்டும் உரிமை ஆகாது. அது என்றைக்கும் சலுகைதான். போதாக்குறைக்கு, சமவெளி இருளர்கள் பெரும்பாலும் காட்டுக்குள் இல்லை. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் வாழ்கிறார்கள். பழங்குடிச் சாதிச் சான்றுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள்.

மரியாதை கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. 2017-இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே அயல் இனமாகப் புகுந்து பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். போன இரண்டு வாரங்களுக்குள் இவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் பத்மஸ்ரீ வாங்கியவரின் சமூகத்துக்கு, எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் இடமில்லை என்றால், அந்த விருது எதை மாற்றியிருக்கிறது?

ஆய்வுலகமும் இதற்கு விலக்கல்ல. நான் போயிருந்த கருத்தரங்கு ஒன்றில், நஞ்சு பற்றிய ஆய்வை முன்வைத்தவரிடம் அந்தப் பாம்புகள் எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் பிடிபட்டவை என்று கேட்டேன். "அதெல்லாம் லோக்கல் ஆட்கள் பார்த்துப்பாங்க" என்றார். ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் நஞ்சு மாறுபடுகிறது என்பதுதான் அவர் கட்டுரையின் முடிவே. அப்படியானால் எங்கே பிடிபட்டது என்பது மிக முக்கியமான தகவல் அல்லவா? அந்தத் தகவலை அறிந்தவருக்குக் கட்டுரையில் பெயர் கிடையாது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் நமக்குப் புரியவைத்தார். மூளை வேலை ஒரு பக்கம், கை வேலை இன்னொரு பக்கம் என்ற அடுக்கு, ஆய்வகத்தின் குளிர்சாதன அறைக்குள்ளும் அப்படியே இருக்கிறது.

அடுத்து வரப்போவது

இதை இப்போது பேச வேண்டிய அவசரம் ஒன்று இருக்கிறது. காட்டிலிருந்து பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, நஞ்சு எடுத்து விடும் முறையை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் விரும்பவில்லை. பண்ணையில் வைத்து வளர்க்கும் பாம்புகளிடம், ஒவ்வொன்றின் பூர்வீகமும் உடல்நலமும் பதிவாகி இருக்கும் நிலையில் நஞ்சு எடுப்பதையே அது பரிந்துரைக்கிறது. இன்னொரு பக்கம், வடதமிழ்நாட்டு நஞ்சை வைத்துச் செய்த மருந்து ராஜஸ்தானிலும் வடகிழக்கிலும் முழுமையாக வேலை செய்வதில்லை என்பதால், வட்டாரந்தோறும் நஞ்சு சேகரிக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாம்புக்கடிச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியத் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எல்லாமே மாறப்போகிறது என்பதற்கான அறிகுறிகள் இவை.

மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல மருந்து வேண்டும். பானைக்குள் அடைபடும் பாம்பு படும் துன்பம் குறைய வேண்டும், பிடித்த இடத்திலேயே விடுவதும் முறையாக நடக்க வேண்டும். என் கேள்வி வேறு. நாளை குளிரூட்டப்பட்ட பாம்புப் பண்ணைகள் வரும்போது, அதில் விஞ்ஞானி யார், மேலாளர் யார், கூண்டு கழுவுபவர் யார்? 1976-இல் தடை வந்தபோது ஒருமுறை இருளர் தெருவில் நின்றார்கள். நவீனமயம் என்ற பெயரில் இரண்டாவது முறையும் அது நடக்க நாம் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோமா?

உலகில் வேறு பாதைக்கும் உதாரணம் உண்டு. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் விக்குன்யா என்றொரு விலங்கு, ஒட்டகத்தின் சிறிய உறவு. அதன் மயிர் உலகின் விலையுயர்ந்த கம்பளி இழைகளில் ஒன்று. துப்பாக்கியால் சுட்டுச் சுட்டு 1960-களில் சில ஆயிரங்களுக்குக் குறைந்துபோனது. தடையும் நாடுகளுக்கிடையே 1979-இல் ஏற்பட்ட ஒப்பந்தமும் அதைக் காப்பாற்றின. பிறகு பெரு நாடு, 1995-இன் சட்டத்தில், தங்கள் நிலத்தில் மேயும் விக்குன்யாக்களைப் பராமரித்துப் பயன்பெறும் உரிமையை மலைக்கிராமச் சமூகங்களுக்கே கொடுத்தது. ஊரே கூடிக் கைகோத்து விலங்குகளை வளைத்து, மயிரைக் கத்தரித்து, உயிரோடு விட்டுவிடும் பழைய வழக்கம் மீண்டது. இன்று அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் இழையை நெய்து விற்கும் லாபத்தில் பெரும்பங்கு ஐரோப்பிய ஆடம்பர நிறுவனங்களுக்கே போகிறது என்ற குறையும் அங்கே இருக்கிறது. நமக்கு இரண்டு பாடங்கள். உரிமை கொடுத்தால் உயிர் அழிந்துவிடாது. உரிமை மட்டும் கொடுத்து விலையை வேறொருவர் கையில் விட்டால் வறுமையும் அழியாது.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவதாக, ஆண்டு எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் குழுவில் பாம்பு பிடிக்கும் ஆண்களும் பெண்களும் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அனுமதி பருவம் தொடங்கும் முன்பே வர வேண்டும். தாமதமானால் அந்த நாள்களுக்கு வருமான இழப்பீடு தர வேண்டும்.

இரண்டாவதாக, சங்கத்தின் பதிவேடுகள் வெறும் கணக்குப் புத்தகங்கள் அல்ல. எந்த இனம், என்ன எடை, ஆணா பெண்ணா என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தரவு அது. செதில் வெட்டுக்குப் பதில் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்தால், விட்ட பாம்பு என்னவாகிறது என்பதும் தெரியும். இந்தத் தரவை ஆராயும் படிப்பும் உதவித்தொகையும் முதலில் இருளர் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். பாம்பு குறைகிறதா இல்லையா என்பதை அவர்களே நாட்டுக்குச் சொல்லட்டும்.

மூன்றாவதாக, புதிய பண்ணைகளும் வட்டார நஞ்சு மையங்களும் வந்தால், பயிற்சியாளர், பராமரிப்பாளர், நிர்வாகி என்று எல்லாப் படிகளிலும் அவர்களுக்கு வேலை உறுதி வேண்டும். அனுபவத்தைக் கல்வித்தகுதிக்கு இணையாக ஏற்க வேண்டும்.

நான்காவதாக, 2002-இன் உயிரியல் பல்வகைமைச் சட்டம் பேசும் பலன் பகிர்வு, நஞ்சு விற்பனையோடு நிற்காமல் மருந்தின் விலைவரை நீள வேண்டும். பாம்பு பிடிக்கும்போது கடிபட்டு விரலையோ உயிரையோ இழப்பவருக்குக் காப்பீடும், வயதானவருக்கு ஓய்வூதியமும் வேண்டும்.

ஐந்தாவதாக, வன உரிமைச் சட்டத்தின் அந்த விலக்கு திருத்தப்பட வேண்டும். கொல்வதையும், உயிரோடு பிடித்து விடுவதையும் ஒரே கூண்டில் நிறுத்துவது அறிவியலும் இல்லை, நீதியும் இல்லை.

இதில் ஒன்றுகூடக் கருணைக்கான கோரிக்கை இல்லை. சாதியொழிப்பு பேசும் நாம் நிலம், கோயில், கல்வி, வேலைவாய்ப்பு என்று பேசிப் பழகியிருக்கிறோம். காட்டுயிர், சூழல், பாதுகாப்பு என்றால் அது யாரோ கேமராவும் கையுமாகத் திரிகிறவர்களின் துறை என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த ஒதுக்கத்தில்தான் சட்டங்கள் நம்மைக் கேட்காமல் எழுதப்படுகின்றன. அடுத்த மழைக்காலத்தில் வயலில் இறங்கப்போவது நம் வீட்டுக் கால்கள். அந்தக் கால்களைக் காப்பாற்றும் மருந்துக்காகப் புற்றுக்குள் கை விடுகிறவர்களோடு சேர்ந்து நிற்பதைவிடச் சாதியொழிப்பு அரசியலுக்கு நெருக்கமான சூழலியல் வேறு எது?